ஒரு நொடி, இரண்டு கரணம்

தீபா கர்மாகர் 1993 ஆகஸ்ட் 9 அன்று திரிபுராவின் தலைநகர் அகர்தலாவில் பிறந்தார். அப்பா துலால் கர்மாகர் பளுதூக்குதல் பயிற்சியாளர். மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆறு வயதில் சோமா நந்தி என்ற பயிற்சியாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சில ஆண்டுகளில் சோமாவின் கணவர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கடைசிவரை தீபாவின் குரு அவர்தான்.

தொடக்கத்திலேயே ஒரு தடை தெரிந்தது. குளித்துவிட்டு ஈரக் காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் பெரும்பாலோரின் காலடித் தடத்தில் உள்பக்கம் பிறைபோல ஓர் இடம் ஈரமில்லாமல் விடுபடும். அங்கேதான் பாதம் வளைந்து மேலெழுந்திருக்கிறது. சிறுமி தீபாவின் பாதத்தில் அந்த வளைவு இல்லை. தட்டைப் பாதம்.

அந்த வளைவு ஓடுகிறவருக்கும் தாவுகிறவருக்கும் வில் போன்றது. கால் தரையை அழுத்தும்போது வளைவு சற்றே தட்டையாகிறது. அடியில் ஓடும் தசைநாண்கள் இழுபடுகின்றன. கால் எழும்போது அந்த இழுவிசை திரும்பி வந்து உடலை உந்துகிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் புழங்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைப் பாத வளைவு வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது என்று பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் அளந்து சொன்னார்கள். கால் பதிக்கும்போது தடுமாறாமல் நிற்கவும் அதே வளைவுதான் துணை. அது இல்லாதவருக்குத் தாவலிலும் இழப்பு, தரையிறக்கத்திலும் இழப்பு.

ஆனால் பாத வளைவு பிறக்கும்போதே வருவதில்லை. எல்லாக் குழந்தைகளின் பாதமும் முதலில் தட்டைதான்; பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் வளைவு மெல்ல எழுகிறது. தீபா பயிற்சிக்கு வந்தது அந்தக் காலத்துக்குள். பாதத்தின் சிறு தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளை நந்தி தம்பதியர் விடாமல் செய்ய வைத்தார்கள். நாள்தோறும், வருடக்கணக்கில், பார்க்கிறவர் கண்ணுக்குச் சுவையே இல்லாத வேலை அது. இந்த வீராங்கனையின் கதையில் பதக்கங்களைவிட வியப்பூட்டுவது இந்தக் கட்டம்தான்.

ரயில் 2008இல்தான் எட்டிப்பார்த்த அகர்தலாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வேரூன்றியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஹரியானாவைச் சேர்ந்த தலிப் சிங் என்ற பயிற்சியாளர் 1960களில் அங்கே போய்த் தங்கி ஒரு தலைமுறையையே பழக்கினார். திரிபுராவின் மண்டு தேப்நாத் 1975இல் அர்ஜுனா விருது பெற்றது அந்த விதையில் விளைந்ததுதான். பிஸ்வேஸ்வர் நந்தியும் அந்த வழியில் வந்து தேசியப் பட்டங்கள் வென்றவர். ஊரில் ஆசிரியர்கள் இருந்தார்கள், கருவிகள் இல்லை. பழைய ஸ்கூட்டரின் பாகங்களை வைத்துச் செய்த தாவுபலகையில் தீபா பழகினார்.

ஜிம்னாஸ்டிக்ஸில் சிறு வயதிலேயே தொடங்குவதற்கும், சிறிய உடல்வாகினர் மிகுந்திருப்பதற்கும் வடிவியலில் ஒரு விளக்கம் உண்டு. தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. உடலைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நிலைமத் திருப்புத்திறன் சொல்கிறது. அது எடையையும் நீளத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது. உடல் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் 10 விழுக்காடு பெரிதானால் தசைவலிமை சுமார் 21 விழுக்காடு கூடும். சுழற்றுவதற்கான தடையோ 61 விழுக்காடு கூடிவிடும். வலிமை கூடக்கூடச் சுமை அதைவிட வேகமாகக் கூடுகிறது. தீபாவின் உயரம் ஐந்தடிக்குள்தான். அந்த உயரம் இந்த விளையாட்டில் சொத்து.

வளரும் பருவம் இதனாலேயே இடர் நிறைந்தது. நேற்றுவரை சரியாகச் சுழன்ற உடல் இன்று இரண்டு அங்குலம் நீண்டிருக்கும். மூளை மனப்பாடம் செய்து வைத்திருந்த கணக்கு பொய்க்கும். எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் குருத்தெலும்பால் ஆனவை, மென்மையானவை. கைமணிக்கட்டில் திரும்பத் திரும்ப எடை விழுந்தால் அவை அடிபடும். அளவோடு விழும் எடையோ எலும்பை அடர்த்தியாக்கும். சிறு வயதிலிருந்து பழகியவர்களின் எலும்பு மற்றவர்களுடையதைவிட உறுதியாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்ததுதான். அளவு எது என்று கண்டுகொள்வதில்தான் பயிற்சியாளரின் திறமை இருக்கிறது. ஒலிம்பிக் உள்ளிட்ட பன்னாட்டு மூத்தோர் போட்டிகளில் பெண்களுக்குப் போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 வயது நிரம்ப வேண்டும் என்ற விதி 1997 முதல் இருக்கிறது. குழந்தை உடலைப் பந்தயத்தில் தேய்த்துவிடக் கூடாது என்ற கவலையில் எழுந்த விதி அது.

ஜல்பாய்குரியில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் தீபா வென்றார். 2011 ஜார்க்கண்ட் தேசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு கருவிகளிலும் ஒட்டுமொத்தப் பிரிவிலுமாக ஐந்து தங்கம். நாட்டுக்குள் போட்டியாளர் இல்லை என்ற நிலை. ஆனால் அந்தத் தரம் வெளிநாட்டில் பதக்கத்துக்குப் போதாது. வால்ட், உயரம் சமமற்ற கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப் பயிற்சி என்று பெண்களுக்குள்ள நான்கு கருவிகளில் மூன்றில் நீண்ட தொடரசைவும் நல்ல கருவிகளும் வேண்டும். வால்ட்டில் எல்லாம் ஒரே தாவலில் முடிந்துவிடும். ஓட்டமும் கால் வலுவும் துணிவும் அங்கே பேசும். குருவும் சீடரும் வால்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

வால்ட்டில் ஓடுபாதையின் நீளம் 25 மீட்டர். முடிவில் சுருள்வில் வைத்த தாவுபலகை. அதற்கப்பால் பெண்களுக்கு 125 சென்டிமீட்டர் உயரமுள்ள வால்ட் மேசை. 2001க்கு முன் இந்த இடத்தில் குதிரை என்று அழைக்கப்பட்ட குறுகிய கருவி இருந்தது. வீராங்கனை ஓடிவந்து பலகையில் இரு கால்களையும் ஊன்றி, தலைகீழாகப் பாய்ந்து மேசையில் கைகளை ஊன்றி, அங்கிருந்து தள்ளி எழுந்து, கரணமடித்துப் பாயில் இறங்க வேண்டும்.

ஓட்டத்தில் சேர்கிற ஆற்றல்தான் முதலீடு. 45 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால் அவரிடம் சுமார் 1100 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். அத்தனையையும் சிந்தாமல் உயரமாக மாற்ற முடிந்தால் உடலை இரண்டரை மீட்டர் தூக்கலாம். பலகையின் சுருள்வில்லும் தசைகளும் கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன. இடையில் கொஞ்சம் வெப்பமாகவும் அதிர்வாகவும் போய்விடுகிறது. பலகையில் கால் படுவது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் முன்னோக்கிய வேகம் மேல்நோக்கிய வேகமாகத் திரும்ப வேண்டும்.

சுழற்சி பிறப்பதும் அங்கேதான். வேகமாக நடக்கிறவரின் கால் கல்லில் இடறினால் கால் நின்றுவிடும், உடல் முன்னால் கவிழும். பலகையில் நடப்பது அதுவே, திட்டமிட்ட இடறல். நின்றுபோன காலைச் சுற்றி உடல் கவிழ, கோண உந்தம் கிடைக்கிறது.

மேசையில் கை படும் நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கேதான் இந்த விளையாட்டின் நுட்பமான பேரம் நடக்கிறது. தோளால் மேசையைத் தள்ளினால் உயரம் கிடைக்கும். ஆனால் கை உடலுக்கு முன்னால் ஊன்றியிருப்பதால் அந்தத் தள்ளல் முன்னோக்கிய சுழற்சியை எதிர்க்கிறது. ஓட்டமும் பலகையும் சேர்த்துக் கொடுத்த சுழற்சியில் ஒரு பங்கு மேசையில் செலவாகிவிடுகிறது. உயரம் வேண்டுமென்றால் சுழற்சியை விட்டுக்கொடுக்க வேண்டும், சுழற்சி வேண்டுமென்றால் உயரத்தை. இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வழி, இன்னும் வேகமாக ஓடிவருவது.

கை மேசையை விட்டபின் எதையும் சேர்க்க முடியாது. பிடித்துத் தள்ள ஒன்றுமில்லாத காற்றில் கோண உந்தம் மாறாது. உடலின் வடிவை மட்டும் மாற்றலாம். ஊஞ்சல் கயிற்றை முறுக்கிவிட்டுச் சுழலும் சிறுமி நீட்டிய காலை மடக்கிக்கொண்டதும் சுழற்சி சட்டென வேகமெடுப்பதை எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். நீட்டிய உடலை முழங்கால் மார்பில் படும்படி சுருட்டிக்கொண்டால் நிலைமத் திருப்புத்திறன் மூன்று நான்கு மடங்கு குறைகிறது. சுழல்வேகம் அதே அளவு கூடுகிறது. இறங்கும் முன் உடலை விரித்தால் வேகம் தணியும்.

ரஷ்ய வீராங்கனை யெலேனா ப்ரோடுனோவா 1999இல் பன்னாட்டுப் போட்டியில் செய்துகாட்டிய வால்ட் இந்தக் கணக்குகளை எல்லைவரை இழுத்தது. கருவியில் முன்னோக்கிக் கையூன்றி எழுந்து, உடலைச் சுருட்டி, இரண்டு முன்கரணம். கருவியில் தலைகீழாக இருக்கும் உடல் பாயில் நேராக நிற்க வேண்டும் என்பதால் உண்மையில் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. கிடைக்கும் நேரம் ஒரு நொடி அளவே. அந்த வால்ட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது.

அதன் ஆபத்து சுழற்சியின் திசையில் இருக்கிறது. பின்கரணத்தில் இறங்குகிறவருக்குக் கடைசிச் சுற்றில் தரை கண்ணில் படும்; எப்போது உடலை விரிப்பது, கால் எங்கே படும் என்று திருத்திக்கொள்ளலாம். முன்கரணத்தில் தலை தரையைக் கடந்து மேலே வந்த பிறகே கால் பாயைத் தொடுகிறது. கடைசிக் கணத்தில் கண்ணுக்கு எதிரே இருப்பது அரங்கமும் சுவரும்தான். உட்செவியின் அரைவட்டக் குழல்களும் தசைகளின் உணர்வும் ஆயிரக்கணக்கான முறை பழகிய கால அளவும்தான் வழிகாட்டி. கணிப்பு கால் சுற்று குறைந்தால் முதுகோ கழுத்தோ பாயில் மோதும். அதனால்தான் இதைப் போட்டியில் இறங்கிக் காட்டிய பெண்கள் உலகிலேயே ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

தீபா ஏன் அதைத் தேர்ந்தார் என்பதற்கு விடை மதிப்பெண் முறையில் இருக்கிறது. 2006 முதல் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு மதிப்பெண்கள் கூட்டப்படுகின்றன. செய்யும் அசைவு எவ்வளவு கடினம் என்பதற்குக் கடின மதிப்பெண். எவ்வளவு பிசிறில்லாமல் செய்தார் என்பதற்குப் பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வரும் செய்திற மதிப்பெண். சிறு தவறுக்கு 0.1, நடுத்தரத் தவறுக்கு 0.3, பெரிய தவறுக்கு 0.5, விழுந்தால் 1.0 போய்விடும். நல்ல கருவிகளில் பத்து வருடம் பழகியவர்களோடு பிசிறின்மையில் போட்டியிட அகர்தலாவிலிருந்து வந்தவருக்கு வழியில்லை. கடினத்தில் முந்தலாம். 2013 முதல் 2016 வரையிலான விதிப்புத்தகத்தில் ப்ரோடுனோவாவின் கடின மதிப்பெண் 7.0; பெண்கள் வால்ட்டில் அதைவிடப் பெரிய எண் கிடையாது. உயிரைப் பணயம் வைத்த முடிவு என்று அப்போது பலர் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அது முரட்டுத் துணிச்சல் மட்டுமல்ல, கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

பலன் விரைவில் வந்தது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட்டில் வெண்கலம். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியப் பெண் ஒருவர் அங்கே வென்ற முதல் பதக்கம். 2015இல் ஹிரோஷிமாவில் ஆசிய சாம்பியன்ஷிப் வெண்கலம், அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப் வால்ட் இறுதியில் ஐந்தாம் இடம். 2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளிகள் பெற்று ஒலிம்பிக்குக்குத் தேர்வானார். 1964க்குப் பிறகு, 52 ஆண்டுகள் கழித்து ஓர் இந்திய ஜிம்னாஸ்ட். பெண்களில் முதல் ஆள்.

ரியோ ஒலிம்பிக் முதல் சுற்றில் 14.850 புள்ளிகளோடு எட்டாவதாக, கடைசி ஆளாக, வால்ட் இறுதிக்குள் நுழைந்தார். ஆகஸ்ட் 14 அன்று நடந்த இறுதியில் ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையான இரண்டு வால்ட் செய்ய வேண்டும். இரண்டின் சராசரியே முடிவு. தீபாவின் முதல் வால்ட் இரட்டை முறுக்குள்ள, சுகஹாரா என்ற வகை. கடினம் 6.0, செய்திறம் 8.866, கூட்டினால் 14.866. அடுத்தது ப்ரோடுனோவா.

ஓட்டம் சரியாக இருந்தது, சுழற்சியும் போதுமானதாக இருந்தது. உடல் விரியும்போது உயரம் சற்றே குறைவு. கால்கள் பாயைத் தொட்டன. முழங்கால் முழுதாக மடங்கி, உடல் ஆழ்ந்த குந்தலில் பாயை ஒட்டிப் போனது. அங்கிருந்து உந்தி எழுந்து நின்றார். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் உடல் நொடிக்கு 6.3 மீட்டர் வேகத்தில் தரைக்கு வருகிறது. பத்தில் ஒரு நொடியில் அதை நிறுத்தினால் கால்களில் விழும் சராசரி விசை உடல் எடையைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். 45 கிலோ உடலுக்கு அது முந்நூறு கிலோவைத் தாண்டிய சுமை. உச்சக் கணத்தில் அது பத்து மடங்கைக்கூடத் தாண்டலாம். ஆழமாகக் குந்துவது நிற்கும் நேரத்தை நீட்டி அந்த அடியை மட்டுப்படுத்துகிறது. நடுவர்கள் அதற்குப் புள்ளியைக் குறைக்கிறார்கள். உடலைக் காப்பதும் மதிப்பெண்ணைக் காப்பதும் அந்த இடத்தில் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன.

செய்திறம் 8.266, கடினம் 7.0, மொத்தம் 15.266. சராசரி 15.066. தங்கம் வென்ற சிமோன் பைல்ஸ் 15.966, வெள்ளி மரியா பசேகா 15.253, வெண்கலம் சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. தீபா நான்காவது. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150. சராசரியில் 0.150 என்றால் ஒரே வால்ட்டில் 0.3. ஒரு நடுத்தரத் தவறின் விலை அது. பைல்ஸின் இரண்டு வால்ட்களின் கடின மதிப்பெண் 6.3, 6.4, ப்ரோடுனோவாவைவிடக் குறைவு. ஆனால் இரண்டிலும் அவருடைய செய்திறம் 9.6ஐ எட்டியது. கடினத்தை வைத்துப் பிசிறின்மையை ஈடுகட்டும் உத்தி எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. அந்த உத்தி உலகின் நான்காம் இடம்வரை கொண்டுவந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட எந்தக் காரணமும் இல்லை.

அந்த ஆண்டே கேல் ரத்னா, 2017இல் பத்மஸ்ரீ. நந்திக்கு துரோணாச்சார்யா விருது. 2017இல் தீபாவின் வலது முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அடிபட்டது. கெண்டைக்கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியிலிருந்து முன்னால் நழுவாமல் பிடித்து வைக்கும் கயிறு அது. தாவி இறங்கும்போது தொடைத் தசை இறுக, கெண்டை எலும்பு முன்னால் இழுபடுகிறது. கூடவே முழங்கால் சற்று உள்நோக்கித் திரும்பினால் கயிறு தாங்காது. ரத்த ஓட்டம் குறைந்த அந்த இடத்தில் அறுந்த நார் தானாக ஒட்டுவது அரிது. அதனால் உடலின் வேறொரு தசைநாணை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். ஒட்டு நார் பழைய வலிமையை நெருங்க மாதங்கள் அல்ல, பல நேரம் ஆண்டுக்கு மேலும் ஆகும்.

2017 முதல் விதிப்புத்தகமும் மாறியது. ப்ரோடுனோவாவின் மதிப்பு 7.0இலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. ஆபத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் விலை போயிற்று. அறுவைக்குப் பின் 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் கடினம் குறைந்த வால்ட்களோடு 14.150 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார் தீபா. பிறகு மீண்டும் முழங்கால் தொல்லை. 2021இல் எடுத்த மாதிரியில் ஹிஜெனமைன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டதால் 2023 ஜூலை வரை 21 மாதத் தடை. சில தாவரங்களிலும் துணையுணவுகளிலும் இருக்கும் பொருள் அது. தெரியாமல் உடலுக்குள் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம்.

தடை முடிந்து, 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் இறுதி. வயது 30. பெரும்பாலான வீராங்கனைகள் எப்போதோ விலகிவிட்டிருக்கும் வயது அது. 13.566 புள்ளிகள், தங்கம். ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று தீபா ஓய்வை அறிவித்தார்; ஆறு வயதில் தட்டைப் பாதத்தோடு பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.